கழித்தல் குறி

மோர்ப்பண்ணை நண்டுக் கொட்டகையில் இரண்டு திரைகள்.
ஒன்று என்னைப் பார்க்கும்:
பழைய லேப்டாப், லினக்ஸ் போட்டது,
எல் விசை கழன்று போனது.
மற்றது வரிசையைப் பார்க்கும்:
தூணில் அறைந்த மானிட்டர்.
தராசிலிருந்து ஒயர் வழியே எடை ஏறி
அவரவர் பெயருக்கு நேரே பச்சையில் நிற்கும்.
"ஒளிவு மறைவு கிடையாது, நீங்களே பாத்துக்கங்க"
என்று முதலாளி மாட்டி வைத்தது.

பத்தாவது நிமிடம் அது அணைந்துவிடும்.

தட்டினால் வரும். வர நாலு விநாடி ஆகும்.
அந்த நாலு விநாடியில்தான்
நம்புவின் கூடை தட்டைவிட்டு இறங்கியது.
"இருட்டுக்குள்ள எவ்வளவு போட்டீக?"
(முழுப் பெயர் நம்புராஜன்.
கூப்பிடும்போது கட்டளை மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.)

தம்மாமிலிருந்து ஜகுபர் சாதிக் போனில் சொன்னான்:
விசை படவில்லையென்றால்
ஆளே இல்லை என்று எடுத்துக்கொள்ளும்டா அது.
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
முப்பது பேர், ஈரக் கைலி,
கூடைக்குள் நீலக்கால்கள் ஒன்றையொன்று கவ்வும் சத்தம்.
ஆளே இல்லையாம்.

அமைப்புக்குள் போய் 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைத்தேன்.
மறுநாளும் அணைந்தது.
டெர்மினலைத் திற, சொல்வதை அடி என்றான்.
எக்ஸ் செட், ஓர் இடைவெளி,
ஒரு கழித்தல் குறி, ஒட்டினாற்போல் டி.பி.எம்.எஸ்.
கழித்தல் குறி எனக்குப் புதிதில்லை,
பில் புத்தகம் முழுக்க அதுதான்:
ஐஸ், ஈரம், கால் உடைந்தது, முன்பணம்.

இரண்டு நாள் ஒழுங்காக எரிந்தது.
கரண்டு போய் வந்தது, எல்லாம் மறந்துவிட்டது.
தொடக்கத்திலேயே ஓடும்படி எழுதி வைத்தேன்.
பிறகு, ஐஸ் தண்ணி தெறிக்கிறதே என்று
லேப்டாப்பை மூடினால் இரண்டும் சேர்ந்து தூங்கின.
அதற்கொரு கோப்பு, அதிலொரு வரி,
வரியின் தலையில் ஒரு வேலிக்குறி; பிடுங்கினேன்.
அப்புறமும் வாரத்தில் ஒருநாள்
கறுப்புக்கு நடுவே 'சிக்னல் இல்லை'
மூலைக்கு மூலை முட்டித் திரியும்,
நங்கூரம் அறுந்த வள்ளம் போல.
கேபிளைப் பிடுங்கினேன். பல் முழுக்கப் பச்சைக் களிம்பு.
உப்புக்காற்று யாரையும் விட்டதில்லை.
புதுக் கேபிள், இருநூற்று எண்பது ரூபாய்,
என் கையிலிருந்து.

கடைசியில் மானிட்டருக்கே ஒரு சிக்கனம் இருந்தது.
பின்பக்கப் பொத்தான், சீன எழுத்து,
மூன்று தரம் கீழே, ஒருதரம் உள்ளே.
எத்தனை பேர்தான் மிச்சம் பிடிப்பது
ஒரே வெளிச்சத்தில்!

இப்போது அணைவதே இல்லை.

ராத்திரி மூன்று மணி, தொழிலுக்குப் போகிற நேரம்,
கொட்டகைத் தட்டியின் இடுக்கில் பச்சை தெரிந்து
நம்பு எட்டிப் பார்த்திருக்கிறார்.
பகலில் தட்டு காலியாக இருந்ததே இல்லை,
ஒன்று இறங்குமுன் அடுத்தது ஏறிவிடும்.
அன்று காலி.
காலித் தட்டுக்கு நேரே
கழித்தல், பூஜ்யம் புள்ளி ஒன்று ஐந்து பூஜ்யம்.

கூடைக்கு நூற்றைம்பது கிராம்.
விடியுமுன் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது.
அந்த எண்ணை வைத்தது நான் இல்லை.
ஆறு மாதமாக அதற்கு மேல்
கூடையை வைத்தது நான்தான்.

எட்டு மணிக்கு முதலாளி போன்:
"ராத்திரி எல்லாம் எரியுதாமே, கரண்டு பில் யாரு கட்டுறது?
முன்ன மாதிரி தானா அணையிற மாதிரி வச்சிரு."
கழித்தல் குறியைக் கூட்டல் குறியாக்கினால்
போதும். ஓர் எழுத்து.
வரிசை வளைந்து நிற்கிறது. முதல் ஆள் நம்பு,
கூடையை இன்னும் தரையில் வைத்திருக்கிறார்,
என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கிறார்.

"இது லினக்ஸ், மொதலாளி," என்றேன்,
"எனக்குச் சரியா வராது."